துப்பாக்கியின் சுழி எத்தனை மீட்டரில்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

துப்பாக்கி சுடுவதைப் பற்றி நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. கண் கூர்மையாக இருக்கவேண்டும், கை நடுங்காமல் இருக்கவேண்டும், மூச்சை அடக்கத் தெரியவேண்டும். இம்மூன்றும் இருந்தால் குண்டு தானே போய்க் குறியில் தைக்கும் என்பதே அது. இம்மூன்றும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்மூன்றும் இருந்தும் குறி தவறுவது உண்டு. அப்படித் தவறும்போது குற்றம் சுட்டவன் மேல் இல்லை. துப்பாக்கியின் மேலும் இல்லை. அந்தத் துப்பாக்கி எந்தத் தூரத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டது என்பதை ஒருவரும் கேட்காமல் விட்டதே காரணம். தேசிய மாணவர் படையில் இரண்டாம் ஆண்டாக இருப்பவன் என்ற முறையிலும், இயற்பியல் படிப்பவன் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கணக்கைக் கண்டு கலை மாணவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

ஆய்வகத்தில் நாம் அறிந்த சுழி

முதலாம் ஆண்டில் நம் கையில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி திருகு அளவி. கம்பியை வைத்து அளப்பதற்கு முன் வெறும் முனைகளைச் சேர்த்து, அளவுகோல் சுழியைக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். காட்டாவிட்டால் அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். எவ்வளவு பொறுமையாக அளந்தாலும், பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தாலும், சுழிப்பிழையைத் திருத்தாவிட்டால் விடை தவறாகத்தான் வரும். பத்து அளவுகளும் ஒன்றுபோலவே தவறாக வரும் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய செய்தி.

துப்பாக்கிக்கும் இப்படி ஒரு சுழி உண்டு. நாம் பார்க்கும் இடமும் குண்டு தைக்கும் இடமும் ஒன்றாக இருக்குமாறு குறிகளைச் சரிசெய்வதை மாணவர் படையில் 'ஜீரோயிங்' என்கிறோம். தமிழில் சுழியமைத்தல் எனலாம். திருகு அளவிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஒரு வேறுபாடு. திருகு அளவிக்குச் சுழி ஓரிடத்தில்தான். அதை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. துப்பாக்கிக்கோ சுழியை எந்தத் தூரத்தில் வைப்பது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 25 மீட்டரில் சரியாக இருப்பது 50 மீட்டரில் சரியாக இருக்காது. ஏன்?

குண்டு நேர்கோட்டில் போவதில்லை

கோடையில் நம் பக்கத்து வயல்களில் பம்புசெட் ஓடுவதைப் பார்த்திராதவர் இங்கு இருக்கமுடியாது. படுக்கைவாட்டில் வைத்த குழாயிலிருந்து பாயும் தண்ணீர், வாயை விட்டு வெளிவந்த கணத்திலிருந்தே வளைந்து இறங்குகிறது. எஞ்சின் வேகமாக ஓடினால் தண்ணீர் தொலைவில் விழும். மெதுவாக ஓடினால் அருகில் விழும். எப்படியானாலும் வளையாமல் போவதில்லை. குண்டும் அப்படியே. அது மிக வேகமாகப் போவதால் வளைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். நம் தஞ்சையில் பீரங்கி மேட்டில் இருக்கும் இராஜகோபாலப் பீரங்கியும் அதே நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டதே. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய, 7 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள பீரங்கி அது. ஓர் ஊரில் பரவளையத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். இன்னோர் ஊரில் அந்தப் பரவளையத்தில் குண்டை ஓட்டக்கூடிய குழலை உலையில் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் விதி ஒன்றே.

இப்போது நம் மாணவர் படையில் பயன்படும் 0.22 அங்குலத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். இதன் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. குழல்வாயை விட்டு வெளிவரும்போது அதன் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர். 25 மீட்டரைக் கடக்க அதற்கு 0.076 நொடி ஆகும். அந்தச் சிறு நேரத்திலும் புவியீர்ப்பு ஓய்ந்திருப்பதில்லை. முடுக்கத்தில் பாதியை நேரத்தின் இருமடியால் பெருக்கினால், குண்டு குழல் அச்சிலிருந்து 2.8 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். 50 மீட்டரில் நேரம் இருமடங்கு. இறக்கமோ நான்கு மடங்கு, அதாவது சுமார் 11 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 45 சென்டிமீட்டர். தூரம் இரட்டிக்கும்போது இறக்கம் நான்கு மடங்காவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

இருமுறை வெட்டும் கோடு

நாம் கண்ணால் பார்ப்பது குழல் வழியாக அல்ல. குழலுக்கு மேலே பொருத்தியிருக்கும் பின்குறி, முன்குறி இரண்டின் வழியாக. ஆகவே நம் பார்வைக் கோடு குழல் அச்சுக்குச் சற்று மேலே இருக்கிறது. பேச்சுக்கு அந்த உயரம் 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழலும் பார்வைக் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் குண்டு என்றைக்கும் நாம் பார்க்கும் இடத்தைத் தொடாது, கீழேயே போகும். ஆகவே பின்குறியைச் சற்று உயர்த்தி வைக்கிறார்கள். அதன் வழியாகப் பார்த்துக் குறி பிடிக்கும்போது, நம்மை அறியாமலே குழல்வாய் சற்று மேல்நோக்கிச் சாய்கிறது.

இதன் விளைவை வீட்டிலேயே பார்க்கலாம். கொல்லையில் இரண்டு குச்சிகளை நட்டு ஒரு கயிற்றைத் தரைமட்டத்துக்கு இணையாக இழுத்துக் கட்டுங்கள். கயிற்றுக்கு ஒரு சாண் கீழே ரப்பர்க் குழாயைப் பிடித்துக் கயிற்றின் போக்கிலேயே சற்று மேல்நோக்கித் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். தண்ணீர் கீழிருந்து எழுந்து கயிற்றை ஓரிடத்தில் வெட்டும். மேலே சென்று வளைந்து இறங்கும்போது இன்னோரிடத்தில் மறுபடியும் வெட்டும். குண்டும் பார்வைக் கோட்டை இப்படி இருமுறை வெட்டுகிறது. துப்பாக்கியின் அருகே ஒருமுறை, தொலைவில் ஒருமுறை. இந்த இரண்டு இடங்களில் மட்டுமே நாம் பார்த்த இடத்தில் குண்டு தைக்கும். இடைப்பட்ட தூரத்தில் குண்டு குறிக்கு மேலே இருக்கும். இரண்டாவது வெட்டுக்கு அப்பால் கீழே இருக்கும்.

சுழித்தூரத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், இந்த வெட்டுகள் எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்வதே.

மூன்று தூரங்கள், மூன்று விளைவுகள்

மேலே சொன்ன எண்களை வைத்து மூன்று வகையாகக் கணக்கிட்டேன். காற்றுத் தடையை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

முதலாவது, 25 மீட்டரில் சுழி. 10 மீட்டரில் குண்டு 0.8 சென்டிமீட்டர் கீழே. 25 மீட்டரில் சரியாகக் குறியில். 40 மீட்டரில் 1.2 சென்டிமீட்டர் கீழே. 50 மீட்டரில் 3.1 சென்டிமீட்டர் கீழே. 100 மீட்டரில் 26 சென்டிமீட்டர் கீழே.

இரண்டாவது, 50 மீட்டரில் சுழி. 10 மீட்டரில் 0.2 சென்டிமீட்டர் கீழே. 25 மீட்டரில் 1.6 சென்டிமீட்டர் மேலே. 30 மீட்டரையொட்டி உச்சம், அங்கே 1.7 சென்டிமீட்டர் மேலே. 50 மீட்டரில் குறியில். 60 மீட்டரில் 2.2 சென்டிமீட்டர் கீழே.

மூன்றாவது, 100 மீட்டரில் சுழி. 50 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் மேலே போய்விடும். 100இல் சரியாக இருப்பதற்காக வழியில் உள்ள எல்லாவற்றையும் இழந்துவிடுகிறோம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அருகில் வைத்தால் தொலைவில் குண்டு சீக்கிரம் கீழே போய்விடும். மிகத் தொலைவில் வைத்தால் நடுவழியில் மேலே போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல தூரம் இருக்கிறது. அது எது என்பது நம் இலக்கின் அளவைப் பொறுத்தது. எலுமிச்சம்பழ அளவுள்ள ஓர் இலக்கை வைத்து, நடுவிலிருந்து 1.7 சென்டிமீட்டர் மேலோ கீழோ போனாலும் பட்டுவிடும் என்று வைத்துக்கொண்டால், 25 மீட்டர்ச் சுழியுள்ள துப்பாக்கி 43 மீட்டர் வரை நம்மைக் கைவிடாது. 50 மீட்டர்ச் சுழியுள்ளதோ 58 மீட்டர் வரை கைவிடாது. அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே கை. குறியைச் சற்றே நகர்த்தியதற்காகக் கிடைத்த கூடுதல் 15 மீட்டர்.

ஆகவே பொது விதி இதுதான். சுடவேண்டிய தூரம் பலவாக இருந்தால், இலக்கின் பாதி அளவுக்கு மேல் குண்டு ஏறாமல் இருக்கும் மிகத் தொலைவான சுழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுடவேண்டிய தூரம் ஒன்றே ஒன்றாக இருந்தால் யோசனைக்கே இடமில்லை; அந்தத் தூரத்திலேயே சுழி அமையவேண்டும்.

ஒரு நண்பனின் இலக்கு அட்டை

இதை எழுதத் தூண்டிய செய்தியை இங்கே சொல்லவேண்டும். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேறொரு கல்லூரிக்கு வந்து படித்த நண்பன் ஒருவன். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். என் வீட்டில் நான் போல. மாணவர் படையில் சேர்ந்து, 25 மீட்டரில் ஐந்து தோட்டாக்களை ஒரு ரூபாய் நாணயத்தால் மறைத்துவிடும் அளவுக்கு நெருக்கமாகச் சுடுவான். 'சி' சான்றிதழ் வாங்கி, எழுத்துத் தேர்வு இல்லாமலே இராணுவ அதிகாரிக்கான நேர்முகத்துக்குப் போகும் வழி ஒன்று இருக்கிறதே, அதை நம்பியிருந்தான்.

ஒரு தேர்வுச் சுடலில் இலக்கை 50 மீட்டரில் வைத்தார்கள். ஐந்தும் கீழே இறங்கின. "உனக்குக் கை இறங்குகிறது, தம்பி. பெரிய இடத்துக்குப் போகும்போது பயந்துவிடுகிறாய்" என்று அங்கே இருந்த ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவனும் அதை நம்பிவிட்டான். அதன் பிறகு அவன் சுடும் இடத்துக்கே வரவில்லை.

பல மாதங்கள் கழித்து அவன் அந்த அட்டையை என்னிடம் காட்டினான். ஐந்து துளைகளும் நான்கு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இருந்தன. அந்த வட்டத்தின் மையம் இலக்கின் மையத்துக்கு நேர் கீழே, மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி. பயந்தவன் கை இப்படியா சுடும்? கை நடுங்கினால் துளைகள் நாலா பக்கமும் சிதறியிருக்கும். இங்கே சிதறல் இல்லை. ஐந்தும் ஒன்றுகூடி, ஒன்றுபோல, ஒரே பக்கம் தள்ளி விழுந்திருக்கின்றன. இது திருகு அளவியின் சுழிப்பிழை அல்லாமல் வேறென்ன? 25 மீட்டர்ச் சுழியுள்ள துப்பாக்கி 50 மீட்டரில் 3.1 சென்டிமீட்டர் கீழே சுடும் என்று மேலே கண்டோம். காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். பன்னாட்டு விதிப்படியான 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதன்பின் வட்டத்துக்கு வட்டம் 8 மில்லிமீட்டர் இடைவெளி. அந்தக் கணக்கில் பார்த்தால், குறையே இல்லாமல் பத்துக்குக் குறி பிடித்துச் சுடுகிறவனுக்கும் 25 மீட்டர்ச் சுழி ஏழு புள்ளியோ அதற்கும் குறைவாகவோதான் கொடுக்கும்.

இயற்பியலில் பிழைகளை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்று தற்செயல் பிழை, அது சிதறலாகத் தெரியும், பயிற்சியால் குறையும். மற்றொன்று முறையான பிழை, அது ஒரே பக்கத் தள்ளலாகத் தெரியும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் குறையாது, கருவியைத்தான் திருத்தவேண்டும். இலக்கு அட்டையைப் பார்த்தவுடன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "மையத்தில் பட்டதா?" என்பதல்ல, "ஒன்றுகூடி விழுந்ததா?" என்பதே. இரண்டாவது கேள்வி, "இந்தத் துப்பாக்கியின் சுழி எத்தனை மீட்டரில்?" இவ்விரண்டையும் கேட்டபின் வேண்டுமானால் சுட்டவனைக் கேட்கலாம்.

ஓர் அழகான பெருக்கல்

கணக்குப் போடும்போது எனக்கு மகிழ்ச்சி தந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குண்டு பார்வைக் கோட்டை வெட்டும் அருகுத் தூரத்தையும் தொலைத் தூரத்தையும் பெருக்கினால், நீங்கள் சுழியை எங்கே வைத்தாலும், விடை மாறுவதில்லை. இருபடிச் சமன்பாட்டின் இரு மூலங்களின் பெருக்கற்பலன் அது. குறியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, திசைவேகத்தின் இருமடியால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். நம் 0.22 துப்பாக்கிக்கு அது ஏறத்தாழ 556. ஆகவே 50 மீட்டரில் சுழி வைத்தால் அருகு வெட்டு 556ஐ 50ஆல் வகுத்து 11 மீட்டரில் விழும். 100 மீட்டரில் வைத்தால் ஐந்தரை மீட்டரில் விழும்.

இந்த 556இன் வர்க்கமூலம் 23.6. அந்தத் தூரத்தில் சுழி வைத்தால் இரு வெட்டுகளும் ஒன்றாகிவிடும்; குண்டு பார்வைக் கோட்டைக் கீழிருந்து தொட்டுவிட்டு இறங்கிவிடும். நம் சிறு சுடுதளங்களின் பழைய அளவான 25 கஜம் என்பது 22.86 மீட்டர். அதாவது 25 கஜத்திலோ 25 மீட்டரிலோ சுழி வைத்த 0.22 துப்பாக்கியில் குண்டு பார்வைக் கோட்டைத் தாண்டி மேலே எழுவதே இல்லை எனலாம். அந்தத் தூரத்துக்கு அது மிகப் பொருத்தம். அதற்கு அப்பால் இறக்கம் மட்டுமே.

வேகம் மிகுந்த போர்த் துப்பாக்கிகளில் கதை வேறு. வேகத்தின் இருமடி பெருக்கலில் வருவதால் அந்த எண் பல ஆயிரமாகிவிடுகிறது. ஆகவே அருகு வெட்டு 25 மீட்டரில் விழுந்தால் தொலை வெட்டு நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் போய்விடும். அமெரிக்கப் படையினர் தங்கள் எம்16ஏ2 துப்பாக்கிக்கு 25 மீட்டரில் வைத்த இலக்கைக் கொண்டே 300 மீட்டருக்கான சுழியை அமைக்கப் பயிற்றுவித்தது இந்த அடிப்படையில்தான். ஆகவே, "அங்கே 25 மீட்டரில் அமைத்து 300 மீட்டர் சுடுகிறார்களே, நாம் 25இல் அமைத்து 50இல் சுட்டால் என்ன?" என்று கேட்பது பொருந்தாது. குண்டின் வேகம் மாறினால் பாதை மாறும். பாதை மாறினால் சுழித்தூரமும் மாறும். ஒரு துப்பாக்கிக்கு நல்ல தூரம் எல்லாத் துப்பாக்கிக்கும் நல்ல தூரம் ஆகாது.

நான் விட்டுவைத்த காற்றுத் தடையைப் பற்றியும் ஒரு சொல். கலிலியோவின் பரவளையம் காற்றில்லா வெளிக்குரியது. வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை முதன்முதலில் சோதனையால் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். எளிய குடும்பத்தில் பிறந்தவர். தொங்கவிட்ட ஊசலின்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். நம் பாடத்தில் வரும் உந்த அழியா விதியின் பயன்தான் அது. 1742இல் அவருடைய நூல் வெளிவந்தது. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க நம் நாட்டுக்கு வந்து, 1751இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். குண்டின் பாதையை உலகுக்கு விளக்கியவரின் வாழ்வு முடிந்தது நம் கடற்கரையில்!

அதே கடலூரில் 1999இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உள்ளது. 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டரில். இவர்கள் யாரும் இடைத்தூரங்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. போட்டி எந்தத் தூரமோ அந்தத் தூரத்துக்கே சுழி. போட்டி தொடங்கும் முன் சோதனைச் சுடலுக்கென்று நேரம் ஒதுக்கப்படுவதும் அதைச் சரிபார்க்கவே. உலகத்தில் முதல் வரிசையில் நிற்பவர்களே சுழியைச் சரிபார்க்காமல் சுடுவதில்லை என்றால் நாம் எம்மாத்திரம்!

25 மீட்டர் மட்டுமே இருந்தால்

"எங்கள் ஊரில் 25 மீட்டர் சுடுதளம்தானே இருக்கிறது, 50 மீட்டருக்கு எப்படிச் சுழி அமைப்பது?" என்று கேட்கலாம். மேலே உள்ள கணக்கிலேயே விடை இருக்கிறது. 50 மீட்டரில் சுழியுள்ள துப்பாக்கி 25 மீட்டரில் எங்கே சுடும்? குறிக்கு 1.6 சென்டிமீட்டர் மேலே. காற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் மேலே. ஆகவே 25 மீட்டரில் நம் துளைக்கூட்டத்தின் மையம் குறிக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் மேலே விழுமாறு அமைத்துவிட்டால், அது 50 மீட்டருக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். இலக்கின் மையத்தில் படவில்லையே என்று அப்போது வருந்தக் கூடாது. மையத்துக்கு மேலே பட்டால்தான் சரி.

செய்யும் முறையில் நான்கு செய்திகள் முக்கியம்.

ஒன்று: ஒரு தோட்டாவை வைத்துக் குறியை நகர்த்தக் கூடாது. குறைந்தது ஐந்து சுட்டு அவற்றின் சராசரி மையத்தைக் காணவேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறியை நகர்த்துகிறவன் தன் கை நடுக்கத்தையே துரத்திக்கொண்டிருப்பான்.

இரண்டு: எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு வடிவொத்த முக்கோணங்கள் போதும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று கொண்டால், 25 மீட்டரில் 4 சென்டிமீட்டர் பிழையைத் திருத்தக் குறியை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். துளைகள் கீழே விழுந்தால் பின்குறியை உயர்த்தவேண்டும், அல்லது முன்குறியைத் தாழ்த்தவேண்டும். பின்குறி நாம் விரும்பும் பக்கம் போகும். முன்குறி பிழை இருக்கும் பக்கம் போகும்.

மூன்று: நம்மைப் போன்ற மாணவர்கள் துப்பாக்கியில் நாமாகக் கை வைக்கக் கூடாது. பொறுப்பான பயிற்றுநரே திருத்தவேண்டும். திருத்த வழியில்லாவிட்டால் தள்ளலை அறிந்துகொண்டு அதற்கேற்பக் குறியை உயர்த்திப் பிடித்துச் சுடலாம். மூன்று சென்டிமீட்டர் கீழே சுடும் துப்பாக்கிக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே குறி பிடிப்பது ஏமாற்று அல்ல, கணக்கு.

நான்கு: 25 மீட்டரில் அமைத்த சுழியை உண்மையான தூரத்தில் ஒருமுறையாவது சரிபார்க்கவேண்டும். 25 மீட்டரில் நாம் அரை சென்டிமீட்டர் தவறியிருந்தால் 50இல் அது ஒரு சென்டிமீட்டர், 100இல் இரண்டு, 300இல் ஆறு. சிறு தவறு தூரத்தோடு சேர்ந்து வளரும். அதற்காக முதலிலேயே மிகத் தொலைவில் அமைக்கவும் முடியாது. அங்கே காற்று பக்கவாட்டில் தள்ளும், துளைக்கூட்டம் பரந்துவிடும், மையத்தைக் காண்பதே கடினமாகிவிடும். ஆகவே கிட்டத்தில் அமைத்து எட்டத்தில் சரிபார்ப்பதே நல்ல வழி.

முடிவாக

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. இன்று எங்களைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகள் ஒரு துப்பாக்கியைச் சட்டப்படி, பாதுகாப்பாக, ஒழுங்குக்கு உட்பட்டுத் தொட்டுப் பார்ப்பது அந்தப் படையால்தான். ஆண்டு முழுவதும் எங்களுக்குக் கிடைக்கும் தோட்டாக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சில தோட்டாக்களைக் கொண்டே ஒருவன் தேறினானா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே அந்த முடிவு நியாயமாக இருக்கவேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணுக்கும் எதிரே, "சுழி இத்தனை மீட்டரில், இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது, 50 மீட்டரில் இத்தனை சென்டிமீட்டர் கீழே" என்று எழுதிய ஒரு சிறு அட்டை போதும். இயற்பியல் துறை மாணவர்கள் கணக்கிட்டு எழுதித் தர அணியமாக இருக்கிறோம். ஆய்வகத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையைக் குறிக்காமல் பதிவேட்டில் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை. ஓர் இளைஞனின் எதிர்காலத்தை அளக்கும் கருவிக்கும் அந்த விதி வேண்டும் அல்லவா?

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எது தவறினாலும் குறை நம்மிடம்தான் என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுவோம். கேள்வி கேட்க வீட்டில் யாரும் பழக்கவில்லை. குறை நம்மிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அட்டையை எடுத்து, துளைகளை அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதன்பின் ஒப்புக்கொள்வோம். அந்த நண்பனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஆண்டு முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.